பகிர்ந்துகொள்ளும் ஆறுகளின் நீர் அரசியலை ஆராய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேவிபட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடலோரச் சிற்றூரில் பிறந்து, நாடுகளும் மாநிலங்களும் பங்கிட்டுக்கொள்ளும் ஆறுகளின் நீர் அரசியலை ஆராய்வதையும் கற்பிப்பதையுமே முப்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகத் தொழிலாகக் கொண்டிருந்துவிட்டு, இப்போது ஓய்வு பெற்று ஊரோடு வந்து சேர்ந்திருக்கிறேன். ராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரைப் பக்கத்துக் கல்லூரிகளில் பேசப் போனாலும் சரி, டீக்கடையில் உட்கார்ந்தாலும் சரி, கல்யாணப் பந்தியில் இலை போட்ட பிறகும் சரி, அதே கேள்விகள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே அவற்றை எழுதி, விடைகளைத் தந்திருக்கிறேன்.

"நீர் அரசியல்னா என்ன சார்? காவிரிக்கு பந்த் நடத்துறாங்களே, அதுவா?"

அதுவும் இதில் அடங்கும்; ஆனால் அது மிகச் சிறிய பகுதி. ஓர் ஆறு ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்சி எல்லைகளைக் கடந்து ஓடும்போது, யாருக்கு எவ்வளவு நீர், எந்த மாதத்தில், அதை யார் அளப்பது, அளந்த கணக்கை மற்றவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது என்பன போன்ற கேள்விகளுக்கு முடிவு எப்படி எட்டப்படுகிறது, அல்லது எப்படி எட்டப்படாமலே தள்ளிப்போகிறது என்பதை ஆராய்வதே இந்தத் துறை.

ஒரு கண்மாய்க்கு எந்தெந்த நிலத்தில் பெய்த மழை வந்து சேருமோ, அந்த நிலம் முழுவதும் அந்தக் கண்மாயின் நீர்ப்பிடிப்பு என்று நம் பக்கத்தில் சொல்வோம். ஆற்றுக்கு அதே கணக்கைப் போட்டால் அது வடிநிலம். நாட்டு எல்லைகளைத் தாண்டும் வடிநிலங்கள் மட்டும் உலகில் ஏறத்தாழ முந்நூறு இருக்கின்றன. மாநிலங்களுக்கும் மாவட்டங்களுக்கும் இடையே பகிரப்படுபவை தனிக் கணக்கு.

"ஆறே எட்டிப் பாக்காத ஊர்ல பொறந்துட்டு, ஆத்தைப் பத்தி ஆராய்ச்சியா?"

இதைக் கேட்காதவர் இல்லை. நம் மாவட்டத்தைத் தண்ணியில்லாக் காடு என்று சொல்லி, பிடிக்காத அலுவலரை இங்கே தூக்கியடிப்பது ஒரு காலத்து வழக்கம். அந்தக் காட்டில் வளர்ந்ததுதான் எனக்கு முதல் பாடம். எங்கள் ஊர்ப் பெண்கள் கடலோர மணல்மேட்டில் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுப்பார்கள். குழியின் அடியில் நீர் கசிந்து கையகலத்துக்குத் தேங்கும். அதைக் கலக்காமல் சிரட்டையால் முகந்து முகந்து குடத்தில் ஊற்ற வேண்டும். ஒரு குடம் நிறைய முக்கால் மணி நேரம் ஆகும். முழங்கை ஆழத்துக்கு மேல் யாரும் தோண்டக் கூடாது என்பது எழுதாத சட்டம், ஏனென்றால் மழைநீர் உவர்நீரின் மேல் மெல்லிய படலமாகத்தான் மிதக்கிறது. ஒருத்தி அவசரப்பட்டு ஆழம் போனால் பக்கத்துக் குழிகளிலும் உப்பு ஏறிவிடும். அப்படி ஒரு கோடையில் ஏறியபோது, யார் குழி முதலில் ஆழமானது என்று நடந்த சண்டையை என் அம்மாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்திருக்கிறேன். பிற்காலத்தில் நான் படித்த பன்னாட்டு ஒப்பந்தங்களில் பாதி, அந்தச் சண்டையின் பெரிய அளவிலான வடிவங்கள்தாம்.

ஆறு இல்லை என்பதும் முழு உண்மை அன்று. வைகை 258 கிலோமீட்டர் ஓடி வந்து ராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்குகிறது. கடலைப் பார்ப்பது அபூர்வம். மேற்கே ஓடும் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பி வைகையில் சேர்த்தால் என்ன என்று முதலில் ஆராய்ந்தவர் மதுரைக்காரரோ வெள்ளைக்காரரோ அல்லர். 1789இல் ராமநாதபுரம் சேதுபதியிடம் பிரதானியாக, அதாவது அமைச்சராக, இருந்த முத்திருளப்ப பிள்ளை. செலவு தாங்காது என்று அவர் கைவிட்டதைத்தான் நூறாண்டு கழித்துப் பென்னிகுவிக் 1895இல் முடித்தார். கடைமடையில் இருப்பவனுக்குத்தான் ஆற்றின் தலையைப் பற்றிய யோசனை வரும்.

"இதுக்கு என்ன டிகிரி படிக்கணும்?"

இதற்கென்று ஒற்றை வாசல் கிடையாது. நான் புவியியல் வழியாக வந்தேன். என்னோடு பணியாற்றியவர்கள் சட்டம், பொருளியல், அரசியல் அறிவியல், கட்டடப் பொறியியல், வரலாறு எனப் பல வழிகளில் வந்தவர்கள். தமிழ்நாட்டுக்குள் அண்ணா பல்கலைக்கழகத்தின் நீர்வள மையமும், பொருளியல் பக்கமாக வர விரும்புவோருக்கு 1971இல் மால்கம் ஆதிசேசையா தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமும் பெயர் பெற்றவை. வெளிநாட்டில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் நீர்க்கல்விக்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது.

எந்த வழியில் வந்தாலும் மூன்று திறமைகள் தேவைப்படும்: நீரோட்டப் பதிவேட்டைப் படிக்கத் தெரிய வேண்டும், ஒரு தீர்ப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பொறுமையாகப் படிக்க வேண்டும், வரப்பில் நிற்கும் விவசாயியிடம் அவர் மொழியில் பேச வேண்டும். மூன்றாவதைப் பல்கலைக்கழகங்கள் கற்றுத்தருவதில்லை. நம் பிள்ளைகளுக்கு அது ஏற்கெனவே வரும் என்பதை அவர்களே உணர்வதில்லை.

"டி.எம்.சி., டி.எம்.சி.ங்கிறாங்களே, அது எவ்வளவு தண்ணி?"

ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. லிட்டரில் சொன்னால் ஏறத்தாழ 2,832 கோடி லிட்டர். விநாடிக்குச் சுமார் 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால் ஒரு டி.எம்.சி. ஆகும். வைகை அணை நிரம்பினால் கொள்வது சுமார் ஆறு டி.எம்.சி.

இந்தக் கணக்கைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். என் முதல் கட்டுரையில், ஓர் அணையிலிருந்து திறந்துவிட்ட அளவையும் பல மைல் கீழே எல்லையில் பதிவான அளவையும் ஒன்றென எண்ணி ஒப்பிட்டு, நடுவில் நீர் திருடப்பட்டதாகவே எழுதிவிட்டேன். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் நாலே வரியில் அஞ்சலட்டை எழுதினார்: வழியில் மணல் குடித்ததையும், வெயில் குடித்ததையும், இடையில் சேர்ந்த ஓடைகளையும் தம்பி கணக்கில் எடுக்கவில்லை என்று. அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது.

"காவிரியில நமக்கு 205ஆ, 192ஆ, 177ஆ? ஆளுக்கொண்ணு சொல்றாங்க."

மூன்றும் வெவ்வேறு காலத்து எண்கள். 1990இல் அமைந்த நடுவர் மன்றம் 1991இல் தந்த இடைக்காலத் தீர்ப்பில் மேட்டூருக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. வர வேண்டும் என்றது. 2007 பிப்ரவரி 5இல் வந்த இறுதித் தீர்ப்பு, காவிரியின் மொத்த நீரை 740 டி.எம்.சி. எனக் கொண்டு, தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 எனப் பங்கிட்டது. கர்நாடகம் எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் தர வேண்டியது 192. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16இல் அதை 177.25 ஆகக் குறைத்தது. குறைந்த 14.75இல் 10 டி.எம்.சி. தமிழ்நாட்டு டெல்டாவின் நிலத்தடி நீரைக் காரணம் காட்டியும், 4.75 பெங்களூரின் குடிநீருக்காகவும் கழிக்கப்பட்டது. 205 மேட்டூரிலும் மற்ற இரண்டும் பிலிகுண்டுலுவிலும் அளக்கப்படுவதால், மூன்றையும் ஒரே தராசில் நிறுத்துவது நான் மேலே சொன்ன என் பழைய தவறேதான்.

ஆனால் ஆண்டுத் தொகையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குப் பிரச்சினை புரியாது. 177.25 என்பது மாத வாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, அப்படியே இறங்கி ஜனவரியில் 2.76, பிப்ரவரி முதல் மே வரை மாதத்துக்கு 2.5. நல்ல மழை ஆண்டில் ஆகஸ்டு வெள்ளம் எல்லாக் கணக்கையும் தீர்த்துவிடும், யாரும் பேசமாட்டார்கள். மழை பொய்த்த ஆண்டில் ஜூனுக்கும் ஜூலைக்கும் என்ன செய்வது என்பதற்கு, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பற்றாக்குறைச் சூத்திரம் இல்லை. 2018 ஜூனில் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அமைந்த பிறகும் சண்டை மூள்வதெல்லாம் அந்த இடத்தில்தான். என்னைக் கேட்டால், நீர் அரசியல் என்பது அளவைவிடக் காலத்தைப் பற்றியது.

"நீங்க யார் பக்கம்? தமிழ்நாடா, நியாயமா?"

மேடையில் இதைக் கேட்ட மாணவரின் துணிச்சல் எனக்குப் பிடித்திருந்தது. ஆராய்ச்சியாளர் வழக்கறிஞர் அல்லர். கர்நாடக விவசாயி ஏன் 1924 காவிரி ஒப்பந்தத்தை இன்றும் கசப்போடு பேசுகிறார் என்பதை மைசூர் சமஸ்தானம் அன்று சென்னை மாகாணத்தோடு எந்த நிலையில் நின்று பேசியது என்பதிலிருந்து விளக்க முடியாவிட்டால், என் ஆராய்ச்சி பாதிதான். அதே நேரம், தஞ்சை விவசாயி பல நூறாண்டுகளாக நம்பிப் பயிரிட்ட நீர் என்பதும் வெறும் உணர்ச்சிப் பேச்சு அன்று. தொன்றுதொட்ட பயன்பாட்டை உலகச் சட்டம் ஒரு காரணியாகவே ஏற்கிறது.

எந்தப் பக்கமும் சாயாதவன் என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை. கடைமடையில் பிறந்தவன் கடைமடைக் கண்ணோடுதான் பார்ப்பான். அதை மறைக்காமல் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுவது என் வழக்கம்.

"மேல இருக்கறவன்தானே எப்பவும் ஜெயிப்பான்?"

எப்போதும் அப்படி இல்லை. நைல் நதியின் நீரில் பெரும்பங்கு எத்தியோப்பிய மேட்டுநிலத்திலிருந்து வருகிறது. ஆனால் 1959இல் கீழே இருக்கும் எகிப்தும் சூடானும் தங்களுக்குள் 55.5க்கு 18.5 (நூறு கோடி கன மீட்டரில்) என்று பிரித்துக்கொண்டபோது எத்தியோப்பியாவைக் கேட்கவே இல்லை. படை, பணம், பொறியியல், உலக நாடுகளின் ஆதரவு எல்லாம் கீழ்மடையிடம் இருந்தால் கீழ்மடைதான் மேல். எத்தியோப்பியா 2011இல் நீல நைலின் குறுக்கே பேரணை கட்டத் தொடங்கி, 2025இல் திறந்தும்விட்ட பிறகு அந்தத் தராசு மாறிக்கொண்டிருக்கிறது. மேகாங் ஆற்றில் நிலைமை தலைகீழ்: கீழே உள்ள நான்கு நாடுகள் 1995இல் ஓர் ஆணையம் அமைத்துக்கொண்டன; தலையில் அமர்ந்திருக்கும் சீனா அதில் உறுப்பினர் இல்லை.

"இதுக்கெல்லாம் உலகச் சட்டம் ஒண்ணும் இல்லையா?"

இருக்கிறது, கையெழுத்துப் போட்டவர்களைத்தான் கட்டுப்படுத்தும். 1997இல் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை ஒரு நீர்வழி உடன்படிக்கையை ஏற்றது. நியாயமான பகிர்வு, பக்கத்து நாட்டுக்குப் பெருந்தீங்கு இழைக்காமை என்ற இரண்டும் அதன் தூண்கள். சீனா, துருக்கி, புருண்டி எதிர்த்து வாக்களித்தன. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. நடைமுறைக்கு வரவே 2014 ஆகஸ்டு ஆயிற்று. இந்தியாவுக்குள் மாநிலங்களுக்கு இடையில் என்றால் அரசியலமைப்பின் 262ஆம் பிரிவும் 1956ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடை நீர்த் தகராறுச் சட்டமும் உள்ளன.

"அடுத்த உலகப்போர் தண்ணிக்காகத்தான் வருமாமே?"

பந்தியில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. நாடுகள் நீருக்காக மட்டுமே முழுப்போர் நடத்தியதற்குச் சான்று தேடினால் ஏறத்தாழ நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய சுமேரியாவின் லகாஷ், உம்மா நகரங்கள் வரை போக வேண்டியிருக்கிறது. ஒப்பந்தங்களோ நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. 1960 செப்டம்பர் 19இல் கராச்சியில் நேருவும் அயூப் கானும் கையெழுத்திட்ட சிந்து நதி ஒப்பந்தம், ராவி, பியாஸ், சட்லஜ் ஆறுகளை இந்தியாவுக்கும் சிந்து, ஜீலம், செனாப் ஆறுகளைப் பாகிஸ்தானுக்கும் ஒதுக்கி, 1965, 1971, 1999 போர்களைத் தாண்டி நின்றது.

அதனால் இந்தத் துறையினர் பலரும், நானும்தான், அது அசையாது என்று வகுப்பில் சொல்லிவந்தோம். 2025 ஏப்ரலில் இந்தியா அதை நிறுத்திவைத்தது. இப்போது அந்தப் பாடத்தை எப்படி நடத்துவது என்று பழைய மாணவர்கள் கேட்கிறார்கள். போர் வராததை அமைதி என்று எண்ணிவிட்டோம் என்பதுதான் என் விடை. இந்தியாவும் வங்கதேசமும் 1996 டிசம்பரில் முப்பது ஆண்டுகளுக்குச் செய்துகொண்ட கங்கை ஒப்பந்தத்தின் காலக்கெடு 2026இல் முடிவதையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

"கணக்கெல்லாம் உங்களுக்கு எப்படிக் கிடைக்குது? யாரு தர்றா?"

பாதி நாள் அதற்கே போகும். காவிரி போன்ற தீபகற்ப ஆறுகளின் நீரோட்டத் தரவுகளை மத்திய நீர் ஆணையத்திடமிருந்து பெறலாம். பிலிகுண்டுலு அளவு நிலையமும் அவர்களுடையதுதான். கங்கை, பிரம்மபுத்திரா, சிந்து வடிநிலங்களின் தரவுகள் கமுக்கமானவை என்ற வகையில் வைக்கப்பட்டிருப்பதால், நம் நாட்டுக்காரர் நம் நாட்டு ஆற்றை ஆராய அக்கரை நாட்டு வெளியீடுகளையும் செயற்கைக்கோள் படங்களையும் நாடும் வேடிக்கை நடக்கிறது. பழைய காலத்துக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. 2005க்குப் பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கிறது. கேள்வியைப் பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும், தேதியும் மதகின் பெயரும் போட்டுக் கேட்க வேண்டும்.

"காவிரி, நைலெல்லாம் இருக்கட்டும். வைகையில நம்ம பங்கு என்னாச்சு?"

வைகைப் பூர்வீகப் பாசனத்தில் பன்னிரண்டு பங்கில் ராமநாதபுரத்துக்கு 7, சிவகங்கைக்கு 3, மதுரைக்கு 2 என்பது நடைமுறை. பார்த்திபனூர் மதகணை முதல் பெரிய கண்மாய் வரை உள்ள மூன்றாம் பகுதிதான் நம்முடையது. இது மாநிலத்துக்குள் நடப்பதால் நடுவர் மன்றம் கிடையாது, செய்தித் தலைப்பும் கிடையாது. ஆனால் மேலே காவிரியைப் பற்றிச் சொன்ன காலப் பிரச்சினை இங்கே அப்படியே இருக்கிறது. நாம் ஆவணி, புரட்டாசியில் புழுதியில் விதைத்து ஐப்பசி மழையை நம்புகிறோம். அணை நிரம்பி நீர் வரும் கார்த்திகையில் கண்மாயில் ஏற்கெனவே மழைநீர் கிடக்கலாம். கதிர் பால் பிடிக்கும் மார்கழிக் கடைசியில், அந்த ஒரு நனைப்புக்கு, ஆறு வறண்டிருக்கும். ஏட்டில் நம் ஏழு பங்கும் வந்து சேர்ந்ததாக இருக்கும். வயலில் பயிர் பதராகியிருக்கும்.

திறந்த நீர் எல்லாம் வந்து சேர்வதும் இல்லை. மணல் அள்ளிய பள்ளங்களும், வரத்துக்கால்களை அடைத்து நிற்கும் சீமைக்கருவேலும் தம் பங்கை எடுத்துக்கொள்கின்றன. அவற்றுக்கு எந்தத் தீர்ப்பிலும் பங்கு ஒதுக்கவில்லை.

"எம் பொண்ணு இதைப் படிக்கணும்ங்கறா. ஊர் ஊரா அலையணுமாமே, சரிப்படுமா?"

தொண்டியில் ஒரு தாயார் கேட்டது. அலைய வேண்டும் என்பது உண்மை. ஆற்றங்கரை ஊர்களில் மாதக்கணக்கில் தங்க நேரும். ஆனால் நான் முப்பது ஆண்டு முயன்றும் கேட்க முடியாததை அவர் மகள் ஒரே வாரத்தில் கேட்டுவிடுவார். இரவு எத்தனை மணிக்குக் குழாயடிக்குப் போகிறார்கள், தள்ளுவண்டியில் நாலு குடத்தை யார் இழுக்கிறார்கள், எந்தத் தெருக்காரர்களுக்கு எந்த ஊருணியில் படியிறங்கத் தயக்கம் என்பதையெல்லாம் பெண்கள் என்னிடம் சொன்னதில்லை. கணவன்மார் வந்து முன்னால் நின்று பதில் சொல்லிவிடுவார்கள்.

"வேலை கிடைக்குமா, சம்பளம் கிம்பளம் எப்படி?"

யுஜிசி நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கலாம். இரண்டு ஆண்டு கழித்து அது 42,000 ஆகும். அதன் பிறகு நிரந்தரப் பேராசிரியர் பணி எளிதில் அமைவதில்லை. நாற்பதை நெருங்கும் வரை ஒப்பந்தப் பணியில் இருந்தவன் என்ற முறையில் இதைப் பூசி மெழுக நான் விரும்பவில்லை. அரசு சாரா நிறுவனங்கள், நீர்த் திட்டங்களுக்கு ஆலோசனை வழங்கும் அமைப்புகள், இதழியல் ஆகியவற்றில் வாய்ப்புகள் உண்டு. வீட்டில் உடனடி வருமானம் தேவைப்படுபவர்கள் முதலில் ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு பகுதிநேரமாகச் செய்வது நல்லது.

"கச்சத்தீவுப் பிரச்சினையும் இதுல வருமா?"

வராது, ஆனால் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் கேட்காமல் விடமாட்டார்கள். ஆற்றுக்கு மேல், கீழ் உண்டு; பாக் நீரிணையில் அப்படி இல்லை. 1974, 1976 ஒப்பந்தங்கள் எல்லைக்கோடு போட்ட ஒப்பந்தங்கள். கோட்டுக்கு இரு பக்கமும் பிழைப்பவர்களைப் பேச்சு மேசைக்கு அழைக்கவில்லை. நைல் பற்றிய விடையில் எத்தியோப்பியாவுக்கு நேர்ந்ததாகச் சொன்னது நம் மீனவர்களுக்கும் பொருந்தும். அந்த அளவில்தான் ஒற்றுமை.

"இத்தனை வருசம் ஆராய்ச்சி பண்ணீங்களே, ஒரு சொட்டுத் தண்ணியாச்சும் வந்துச்சா?"

கேட்டவர் எங்கள் ஊர்க் கண்மாயின் நீர்ப்பாய்ச்சி. எனக்கு மூத்தவர், மாமா முறை. வரவில்லை மாமா என்றுதான் சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அப்படியானால் அந்தக் காகிதத்தையாவது வாங்கிக் கொடு என்றார். மூன்றாம் பகுதிக்கு நீர் திறந்த விவரத்தைக் கேட்டு, முன்பு சொன்னபடி தேதியும் மதகின் பெயரும் போட்டு, அவர் பெயரில் ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை நான்கு தாள் வந்தது.

கண்மாய்க்கரை அரசமரத்தடியில் உட்கார்ந்து அவருக்கு வரி வரியாகப் படித்துக் காட்டினேன். அணையில் திறந்த நாள் இருந்தது, பார்த்திபனூரைக் கடந்த நாள் இருந்தது, எத்தனை கன அடி என்பதும் இருந்தது. எங்கள் கண்மாய்க்கு வந்து சேர்ந்த நாள் என்று ஒரு பத்தியே அந்தத் தாளில் இல்லை. அவர் பேத்தியின் பழைய கணக்கு நோட்டில் அந்தப் பத்தியை இப்போது அவரே எழுதிவருகிறார்: நாள், நேரம், மடைக்கல்லில் எத்தனை விரற்கடை என்று.